மூன்றாவது கட்டளை எங்கே போகிறது?

"கணக்கு நோட்டை எடுங்க, 23-ஆம் பக்கம் திறங்க, தேதி போட்டுட்டு முதல் ரெண்டு கணக்கை மட்டும் செய்யுங்க." ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். வகுப்பே குனிந்து எழுத, ஒரு குழந்தை மட்டும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கிறது. சொன்னது காதில் விழாமல் இல்லை. மனதில் தங்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டதைச் சில நொடிகள் பிடித்து வைத்து, அதைக் கொண்டே வேலையும் செய்ய உதவும் நினைவைச் செயல்நினைவு என்கிறார்கள். உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் இது எப்படி இயங்குகிறது என்பதற்கு ஒரு விளக்க மாதிரியை முன்வைத்தார்கள். பெரியவர்களுக்கே இதில் ஒரு நேரத்தில் சுமார் 4 விஷயங்கள்தான் நிற்கும். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. ஏ.டி.எச்.டி (கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும்), டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில், எழுத்துக்கூட்டுவதில் சிரமம்) உள்ள பல குழந்தைகளுக்கு அதிலும் குறைவு. பைக்குள் நோட்டைத் தேடுவதற்கே கவனம் செலவாகிவிடுவதால், பக்க எண் அதற்குள் நழுவிவிடுகிறது. குரலை உயர்த்தினால் இந்த இடம் பெரிதாகாது. பயம் வேறு வந்து உட்கார்ந்து, இருக்கிற இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பிலிப் ஷா குழுவினர் 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு இங்கே முக்கியமானது. மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், பாதிப் பகுதி அதன் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்ற குழந்தைகளுக்குச் சுமார் 7.5, ஏ.டி.எச்.டி உள்ளவர்களுக்குச் சுமார் 10.5. வளரும் வரிசை ஏறத்தாழ அதேதான், தாமதமாக நடக்கிறது. திட்டமிடலுக்கும் கவனத்துக்கும் பொறுப்பான முன்பகுதியில் தாமதம் அதிகம். ஆனால், உடல் அசைவை இயக்கும் பகுதி சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது! துறுதுறுப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். இது தெரிந்த பிறகும் ஒரு குழந்தையைச் 'சோம்பேறி' என்பது அநியாயம்.

சரி, ஆசிரியர் என்ன செய்யலாம்? நினைவில் வைக்க வேண்டியதைத் தலைக்கு வெளியே கொண்டுவந்துவிடலாம். பேச்சு காற்றோடு போய்விடும், பலகையில் இருப்பது திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இருக்கும். நோட்டின் படம், அதன் கீழே 23, அப்புறம் தேதி, கடைசியில் 1, 2 என்று வரிசையாகப் போட்டால் போதும். முடித்ததை ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே போகலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் இதே பலகை வேறு விதத்தில் கைகொடுக்கும். அடுத்து என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிவதால் பதற்றம் குறைகிறது. பாடவேளை மாறுவதாக இருந்தால், பலகையில் அந்தப் பாடவேளைக்கான படத்தைக் குழந்தையின் கண் முன்னாலேயே எடுத்து மாற்ற வேண்டும்.

இதை வகுப்பு முழுமைக்கும் செய்வதே நல்லது. ஒரு குழந்தையின் மேசையில் மட்டும் அட்டை ஒட்டினால் மற்றவர்கள் கண் அங்கேதான் போகும். பழகிய பிறகு படிகளை ஆசிரியர் வாயால் சொல்ல, குழந்தையே தன் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளப் பழக்கலாம். ஆரம்பத்தில் இரண்டு படிகள் போதும்.