ஒரு பாலாடை சீனித்தண்ணீர்

போன வாரம் எனக்கு இரவுப் பணி. விடிகாலை நாலரை மணிக்கு ஆறாம் எண் கட்டிலின் மானிட்டர் கத்தியது. குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பதினேழு வருடம் ஓட்டியவளுக்கு, எது வயர் கழன்ற சத்தம், எது நிஜமான சத்தம் என்று காதே சொல்லிவிடும். இது நிஜம். ஓடிப்போய்ப் பார்த்தால் உதடு நீலம், கழுத்துவரை பச்சை வாந்தி, நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கிறது. வாந்தியை உறிஞ்சி எடுத்து, ஆம்பு பையால் மூச்சு கொடுத்து, டாக்டர் வந்து தொண்டையில் குழாய் போட்டு, வென்டிலேட்டரில் சேர்த்து நிமிரும்போது பொழுது விடிந்துவிட்டது.

அந்தப் பையன் பிறந்து எட்டு நாள். இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில் அடைப்போடு பிறந்தவன். மூன்றாம் நாள் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்க மருந்திலிருந்து சுணக்கமில்லாமல் மீண்டான். ஐந்து நாளில் எல்லாமே சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஏன் இப்படி?

இரைப்பை நீரை வெளியேற்ற மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயைப் பார்த்தேன். பாதியில் மடக்கி, கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. தொட்டிலுக்கு அடியில் பாலாடை, பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு.

அப்பத்தா அழுதுகொண்டே சொன்னார். "இத்துணூண்டு சீனித்தண்ணிதான் சிஸ்டர். பிள்ளை அஞ்சு நாளா பச்சைத்தண்ணி பல்லுல படாம கெடக்கான். குடுத்ததெல்லாம் கொழா வழியா பைக்கே வந்துருச்சு. அதான் உள்ள நிக்கட்டும்னு மடக்கிக் கட்டுனேன்."

பல்லே முளைக்காத பிள்ளை என்று சொல்லிச் சிரிக்கும் நிலையில் அன்று நான் இல்லை. இந்த வருடத்தில் இது எனக்கு நாலாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த அப்பத்தா கெட்டவர் இல்லை. பேரன்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்: கொடுத்த தண்ணீர் கீழே இறங்காமல் குழாய் வழியாக வெளியே வருகிறது. வயிறு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்று அந்தக் குழாய் சொன்னதை அவர் "பசியாறவில்லை" என்று படித்துவிட்டார். வெளியேற வழியில்லாமல் தேங்கிய பித்தநீர் மேலே வந்தது, நுரையீரலுக்குப் போனது.

வார்டில் நான் அதிகமாகக் கேட்கும் வார்த்தை "பட்டினி". "பிள்ளையப் பட்டினி போட்டுக் கொல்றாங்க" என்று போனில் சொந்தக்காரர்களிடம் சொல்லாத குடும்பம் குறைவு. அதனால் இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

இரண்டரைக் கிலோ எடையுள்ள பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 மில்லி டிரிப் போகிறது என்று வையுங்கள். அது பத்து சதவீத குளுக்கோஸ். அதாவது 30 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 100 கலோரி. மணிக்கு நாலு கலோரி. ஒரு பாலாடையில் நீங்கள் ஒளித்துக் கொடுப்பது சுமார் பத்து மில்லி தண்ணீர், அதில் ஒரு கிராம் சீனி. அதுவும் நாலு கலோரிதான். அதாவது, டிரிப் ஒரு மணி நேரத்தில் சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிற அதே அளவைக் கொடுப்பதற்காகத்தான் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கிறீர்கள். அந்த டிரிப்பில் உப்புச் சத்தும் இருக்கிறது. மூக்குக் குழாய் வழியாக எத்தனை மில்லி வெளியே போனதோ, அதையும் அளந்து நரம்பு வழியாகத் திருப்பிக் கொடுக்கிறோம். உங்கள் சீனித்தண்ணீரில் இது ஏதாவது உண்டா?

"வெறும் தண்ணி பாட்டிலை வச்சு எத்தனை நாள் தாங்கும்?" என்பது அடுத்த கேள்வி. சில நாள்தான் தாங்கும், உண்மை. அதனால்தான் நாள் நீளும் என்று தெரிந்தால் புரதமும் கொழுப்பும் சேர்ந்த நரம்புவழி உணவைத் தொடங்குகிறோம். வெள்ளை வெளேரென்று ஒரு சிரிஞ்சு மெதுவாக ஓடுமே, அது பால் இல்லை, கொழுப்புச் சத்து. பெரும்பாலும் சோயா எண்ணெயில் செய்தது. ("பாலை நரம்புல ஏத்துறாங்க" என்று ஒரு தகப்பனார் மருத்துவமனையையே கூட்டிவிட்டார்.) அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடன் இருந்தவர்களும் குடல் ஏறக்குறைய முழுவதும் அடைபட்டுப் பிறந்த ஒரு பெண் குழந்தையை நரம்பு வழியாக மட்டுமே ஊட்டி வளரவைத்ததை 1968இல் எழுதிவிட்டார்கள். எடை ஏறியது, தலைச் சுற்றளவு கூடியது. வாய் வழியாகப் போனால்தான் சாப்பாடு என்ற எண்ணத்தை மருத்துவ உலகம் விட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நம் வார்டுத் தாழ்வாரத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

"சரி, அறுவைச் சிகிச்சைதான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் காத்திருக்க வேண்டும்?" அடைப்புக்கு மேலே இருந்த குடல் கருப்பையிலேயே மாதக்கணக்கில் ஊதிப் பெருத்துச் சோம்பிப் போயிருக்கும். கீழே இருப்பது நூல்போல மெலிந்திருக்கும். இரண்டையும் டாக்டர் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் சேர்த்துத் தைத்துவிடலாம். சேர்ந்து வேலை செய்யப் பழக அவற்றுக்கு ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பக்கத்துக் கட்டில் பிள்ளை ஆறாம் நாளே பால் குடித்தது என்றால் அது வேறு பிள்ளை, வேறு குடல்.

எங்கள் வார்டில் பழகிய அம்மாக்கள் காலையில் ஒருவரையொருவர் "பச்சை குறைஞ்சிருச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். மூக்குக் குழாயில் வரும் நீர் கரும்பச்சையிலிருந்து மஞ்சளாகி, தெளிந்து, அளவும் குறைய வேண்டும். வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். மலம் போக வேண்டும். இதெல்லாம் கூடிவந்தால் டாக்டர் "ரெண்டு மில்லி ஆரம்பிங்க" என்பார். இரண்டு மில்லி என்றால் இரண்டே மில்லிதான். அன்று மதியமே அரைப் பாலாடை கொடுத்துப் பார்க்கிற கைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அழுகை விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை அழுதால் பசி, வேறொன்றும் இல்லை என்று யார் முடிவு செய்தது? வயிற்றில் தையல் இருக்கிறது. மூக்கில் குழாய் உறுத்துகிறது. டிரிப் ஊசி போட்ட இடம் வீங்கினால் எரியும். ஈரம், குளிர், விளக்கு வெளிச்சம், எல்லாவற்றுக்கும் அதற்கு ஒரே பாஷைதான். பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது என்று சொல்பவர்கள்மேல் முழுக்கக் கோபப்படவும் முடியாது, 1980கள் வரை மருத்துவர்களிலேயே பலர் அப்படித்தான் நம்பினார்கள். போதுமான வலி மருந்து இல்லாமலேயே பச்சைக் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த காலம் உண்டு. இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டுக்குப் போன ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பை அசைத்தது. சரியான வலி மருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிக்கல் குறைந்து தேறின. ஆகவே வலி மருந்து போட வரும்போது "மூளை மந்தமாயிரும், வேணாம்" என்று தடுக்காதீர்கள். எடை பார்த்து, முகச்சுளிப்பு, மூச்சு, கை கால் அசைவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு அளவாகத்தான் கொடுக்கிறோம். வலி அடங்கிய பிள்ளைதான் ஆழமாக மூச்சு விடும்; சளி கட்டாது.

அழும்போது நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதத்திலும் வைத்து, பிள்ளையைக் கருப்பையில் இருந்ததுபோல அணைத்துப் பிடியுங்கள். வயிற்றைத் தட்ட வேண்டாம். பேசுங்கள், உங்கள் குரல் அதற்குத் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவிய சுண்டு விரலைச் சப்பக் கொடுக்கலாம், எங்களைக் கேட்டுவிட்டு. சில குழந்தைகளுக்கு டாக்டர் அனுமதித்தால் தாய்ப்பாலைப் பஞ்சில் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவுவோம். அதை அப்பத்தா கையாலேயே செய்யவும் விடுவேன். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அம்மாக்களிடம் ஒரு கெஞ்சல். பிள்ளை குடிக்கவில்லை என்பதற்காகப் பாலைப் பீய்ச்சாமல் விட்டுவிடாதீர்கள். பிள்ளை தயாராகிற நாளில் பால் வற்றிப்போய் நிற்கும் அம்மாக்களைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் கஷ்டம். பிறந்த நாளிலிருந்தே இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் சேர்த்து, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்சி எடுங்கள். முதல் நாள் ஐந்து சொட்டு வந்தாலும் அது வரவுதான். பேரும் தேதியும் நேரமும் எழுதிக் கொடுங்கள், குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் 2014 முதல் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன, நல்லதுதான். ஆனாலும் பெற்றவளின் பாலுக்கு முதலிடம்.

"பச்சை உடம்புக்காரி, தீட்டு கழியட்டும்" என்று தாயைப் பதினாறு நாள் ஊரிலேயே வைத்துக்கொள்ளும் பெரியவர்களே, பிள்ளை இங்கே கிடக்கும்போது தாய் அங்கே இருந்து என்ன செய்யப் போகிறாள்? அனுப்பி வையுங்கள். அவளுக்குச் சோறும் படுக்க ஒரு இடமும் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. பத்தியம் என்று ரசமும் சோறும் மட்டும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் கயிறு. நான் சாமிக்கு எதிரி இல்லை. என் பையிலும் திருநீறு உண்டு. ஆனால் டிரிப் போகிற கையில் கறுப்புக் கயிறு கட்டினால், ஊசி விலகிக் கை வீங்குவது கண்ணில் படாது. கயிறு சதையை அறுக்கும். கட்டிலில் கட்டுங்கள், சாமிக்குத் தெரியும் அது யாருக்கென்று. தையலுக்குப் பக்கத்தில் பவுடர், எண்ணெய், மை எதுவும் வேண்டாம். ஊரிலிருந்து வேன் வைத்து வரும் சொந்தங்களைக் கீழேயே நிறுத்தி வையுங்கள். சளி பிடித்தவர்கள் வரவே வேண்டாம். குழந்தையைத் தொடும் ஒவ்வொரு முறையும் கை கழுவுங்கள். காலையில்தான் கழுவினேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

மூக்குக் குழாய் தவறிப்போய்க் கழன்றுவிட்டால், பயந்து நீங்களே திரும்பச் செருகாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். உணவுக்குழாயில் அறுவைச் சிகிச்சை ஆன பிள்ளை என்றால், அந்தக் குழாய் தையலைத் தாண்டி நிற்கிறது. அதை நாங்களே கண்ணை மூடிக்கொண்டு திரும்பப் போட மாட்டோம், டாக்டரைத்தான் கூப்பிடுவோம். வாய்க்கு எதையாவது கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் உடனே சொல்லுங்கள். திட்டுவேன், மறைக்கவில்லை. ஆனால் திட்டுவதற்கு முன்னால் பிள்ளையைப் பார்ப்பேன். அன்று அப்பத்தா மூன்று மணிக்கே சொல்லியிருந்தால் குழாயைத் திறந்துவிட்டு, தேங்கியதை உறிஞ்சி எடுத்திருப்பேன். நாலரை வரைக்கும் போயிருக்காது.

வீட்டுக்குப் போன பிறகும் தேன், கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவும் வேண்டாம். தேனை ஒரு வயது முடியும்வரை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது, அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும். வாந்தி வந்தால் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை நேராக அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு வர வேண்டும், இரவானாலும் 108ஐக் கூப்பிட்டு. பச்சை வாந்தி என்றால், அடைப்பு இல்லை என்று உறுதியாகும்வரை அடைப்பு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் கையில் இருப்பது சில மணி நேரம்தான். வயிறு ஊதுவது, மலம் நிற்பது, காய்ச்சல், தையல் சிவப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, இதற்கெல்லாம் மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிறு திறந்த பிள்ளைக்குக் குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பு வருவது வருடங்கள் கழித்தும் நடக்கலாம் என்பதால் டிஸ்சார்ஜ் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தடுப்பூசியையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆறாம் எண் கட்டில் பையன் ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தான். நேற்று மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். இன்று காலை ஆறு மணிக்கு மூக்குக் குழாயில் எட்டு மில்லி, இளமஞ்சள். அப்பத்தா அதைத் தன் பேரனின் சார்ட்டில் நான் எழுதும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். எழுதி முடித்ததும், "எட்டுன்னா நேத்தைக்கு விட கொறச்சல்தானே சிஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம், நேற்று பதினாறு.