குவாரண்டைன்: நாற்பது நாள் காத்திருக்காத பழம்

குவாரண்டைன் (பெயர்ச்சொல்): வெளியிலிருந்து வரும் ஆள், விலங்கு, செடி, விளைபொருள் வழியாக நோயோ பூச்சியோ ஒரு நிலப்பகுதிக்குள் நுழையாதபடி சட்டப்படி செய்யும் தடுப்பு. தமிழில், தொற்றுத்தடைக்காப்பு. விதை, நாற்று, பழம் பற்றிய பேச்சென்றால் தாவரத் தொற்றுத்தடைக்காப்பு.

2020இல் 'தனிமைப்படுத்தல்' என்ற சொல் வீட்டுக் கதவில் ஒட்டும் காகிதம் வரை வந்துவிட்டது. மனிதரைப் பொறுத்தவரை அது சரியான சொல்தான். அதையே பழத்துக்கும் எடுத்துப் போடுவதில்தான் சிக்கல். "தனிமைப்படுத்தப்பட்ட பப்பாளி" என்று படிக்கிறவருக்கு, பூட்டிய அறையில் வைத்த பழக்கூடைதான் மனதில் வரும். ஏற்றுமதிக்குப் போகும் பப்பாளியை யாரும் பூட்டி வைப்பதில்லை, வைத்தால் அழுகிவிடும்.

சொல்லின் பிறப்பிலேயே இந்த இடறல் இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'குவாரந்தா' என்றால் நாற்பது. கொள்ளைநோய்க் காலத்தில், நோய் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஊருக்குள் நுழையுமுன் ஒரு மாதம் வெளியே தங்கவேண்டும் என்று ரகுசா நகரம் 1377இல் சட்டம் போட்டது (இன்று குரோவேசியாவின் துப்ரோவ்னிக்). முப்பது நாள் என்பதால் அதற்குத் 'திரெந்தினோ' என்று பெயர். நாளடைவில் முப்பது நாற்பதாயிற்று. பெயரும் நாற்பதிலேயே நிலைத்தது. மனிதர் விஷயத்தில் காத்திருப்பதற்குப் பொருள் உண்டு: நோய் உள்ளே இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். கால்வாசி மஞ்சள் படர்ந்த பப்பாளியோ ஒரு வாரத்தில் முழுதாகப் பழுத்துவிடும். ஆகவே தாவரச் சட்டம் அந்தச் சொல்லிலிருந்து நாற்பதை உதறிவிட்டு, 'நுழையவிடாதே' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 1895 வாக்கில் அங்கே பூசணி, வெள்ளரி வகைகளைத் தாக்கும் ஈ வந்தது. 1910இல் மத்தியதரைக்கடல் பழ ஈ, 1940களின் நடுவில் கீழைப் பழ ஈ, 1983இல் மலேசியப் பழ ஈ. நான்குமே வெளியிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் தாவரத் தொற்றுத்தடைச் சட்டம் 1912இல் பிறந்தது. ஹவாயிலிருந்து பழ ஈ பெருநிலத்துக்கு வராமல் தடுப்பது அதன் தொடக்க காலப் பணிகளில் ஒன்று.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். ஈயின் முட்டை ஒரு பூச்சி விஷயம், அதைத் 'தொற்று' என்று எப்படிச் சொல்வது? தொற்று என்றால் கிருமியல்லவா? தமிழில் அந்தச் சொல்லின் வேர் கிருமியில் இல்லை. தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். மரத்தில் தொற்றி ஏறுகிறோம், ஓடும் பேருந்தின் படியில் தொற்றிக்கொள்கிறோம். தொற்றுநோய், பேச்சுவழக்கில் தொத்துவியாதி, அந்தப் பொருளின் நீட்சிதான். பழத்தின் தோலுக்குள் ஒளிந்து கடல் கடக்கும் முட்டைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தேடினாலும் கிடைக்காது. 'தடை' சட்டத்தைச் சொல்கிறது, 'காப்பு' அதன் நோக்கத்தை. சொல் சற்று நீளம்தான். என்றாலும் மூன்று உறுப்பும் வேலை செய்கின்றன.

பெண் ஈ தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். முட்டை வெள்ளையாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், சற்றே வளைந்திருக்கும். காயாக இருக்கும் பப்பாளியில் குத்திய இடத்தில் பால் கசிந்து காய்ந்து ஒரு பொட்டாக நிற்கும். பச்சைக் காய்க்கு அந்தப் பால்தான் காவல். பழுக்கப் பழுக்கப் பால் குறையும், ஈக்கு வழி திறக்கும். தோலின் நிறத்தை இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பது இதனால்தான்.

பரிசோதகர் எத்தனை பழம் பார்க்கவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு பெரிய சரக்கில் நூற்றுக்கு ஒரு பழத்தில் பூச்சி இருந்தால், அதில் ஒன்றாவது 95 விழுக்காடு உறுதியோடு கையில் அகப்பட ஏறத்தாழ 300 பழம் எடுக்கவேண்டும். இருநூற்றுக்கு ஒன்று என்றால் 600. மேல்தட்டுப் பெட்டியிலிருந்தே அத்தனையும் எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. சரக்கின் எல்லாப் பகுதியிலிருந்தும் எடுக்கவேண்டும். அப்படி எடுத்தாலும், நேற்று இட்ட முட்டை கண்ணுக்குத் தப்பலாம். ஆக, பரிசோதனை மட்டும் போதாது. பழத்தையே பூச்சியற்றதாக்கும் சிகிச்சையும் வேண்டும். அதற்கான பழைய அளவுகோலுக்கு 'புரோபிட் 9' என்று பெயர்: 99.9968 விழுக்காடு பூச்சி சாகவேண்டும், அதாவது ஒரு லட்சத்தில் மூன்றுதான் பிழைக்கலாம்.

ஹவாய்ப் பப்பாளிக்கு முன்பு எத்திலீன் டைபுரோமைடு புகை போட்டார்கள். 1984இல் அது தடையாயிற்று. அடுத்து வந்தது இரட்டை வெந்நீர் முக்கு: 42 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், உடனே 49 டிகிரியில் 20 நிமிடம். கால்வாசிக்கு மேல் பழுக்காத பழத்துக்கே அது செல்லும். ஏனென்றால் அந்த வெப்பம் தோலை ஒட்டிய முட்டையைத்தான் கொல்லும், ஆழத்தில் இருக்கும் புழுவை எட்டாது. 1987இல் முறைப்படி முக்கியெடுத்த பழத்திலேயே உயிருள்ள புழு கிடைத்தது. சில பழங்களில் பூ உதிர்ந்த நுனி சரியாக மூடாமல் விதைக்குழி வரை மெல்லிய துளை இருந்திருக்கிறது. புழு அந்த வழியாக உள்ளே போய்விட்டது. நிறத்தைப் பார்த்த கண் நுனியைப் பார்க்கவில்லை.

அதன்பின் நிலைத்தவை இரண்டு முறைகள். ஒன்று சூடான காற்று: விதைக்குழியின் வெப்பம் 47.2 டிகிரியைத் தொடும்வரை பல மணி நேரம் படிப்படியாகச் சூடேற்றி, பிறகு குளிர்விப்பது. வெப்ப உணரியை இருப்பதிலேயே பெரிய பழத்தில், அறையின் குளிர்ந்த மூலையில் செருகவேண்டும். அதன் முனை சதையை விட்டு நழுவி வெளிக்காற்றில் நின்றால் பதிவில் வெப்பம் ஏறியிருக்கும், பழத்துக்குள் ஏறியிருக்காது. பெரியதும் சிறியதும் கலந்து ஏற்றினால் சிறியது வெந்துபோகும். வெந்த பப்பாளியின் சதை கெட்டிக் கட்டியாக நிற்கும், எத்தனை நாள் வைத்தாலும் கனியாது. சிகிச்சை முடிந்த பழத்தை ஈ நுழையாத வலையறையில் பெட்டியிடவேண்டும். திறந்த கொட்டகையில் வைத்தால் ஈ மீண்டும் வந்து முட்டையிடும், அத்தனை மணி நேர வேலையும் வீண்.

மற்றொன்று கதிர்வீச்சு. 2000இல் ஹவாயின் மிகப்பெரிய தீவான பெருந்தீவில் இதற்கென எக்ஸ்-கதிர் நிலையம் வந்தது. பழ ஈக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறைந்தபட்ச அளவு 150 கிரே (பொருள் உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு). அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழு, முதிர்பூச்சி தவிர மற்றப் பூச்சிகளுக்கு 400 கிரே. பெட்டியின் நடுவில் இருக்கும் பழத்துக்குத்தான் கதிர் குறைவாகப் போகும், எனவே அந்த இடத்து அளவே கணக்கு. கதிர் புழுவை அப்போதே கொல்லாது. அது முதிர்ந்து பெருகாதபடி செய்துவிடும். சேருமிடத்தில் பெட்டியைத் திறப்பவர் நெளியும் புழுவைக் காணலாம், அது மட்டும் சிகிச்சை தவறியதற்குச் சான்றாகாது. கதிரின் அளவைக் காட்டும் ஆவணமே அங்கே பேசும்.

சரக்கோடு போகும் ஆவணங்களில் முதலாவதைத் துறைமுகத்தில் 'பைட்டோ' என்பார்கள், 'பைட்டோசானிட்டரி' என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் 'பைட்டோன்' செடி, இலத்தீனில் 'சானித்தாஸ்' நலம். தாவர நலச் சான்றிதழ் என்பது நேரான தமிழ். அரசின் தாவரப் பாதுகாப்பு அமைப்பு மட்டுமே அதை வழங்கலாம். 1951இன் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை அதற்கான வடிவத்தைத் தருகிறது. சரக்கு திரும்பிவருவது பெரும்பாலும் சின்னப் பிழைகளால்: தாவரவியல் பெயர் இல்லை, பெட்டி எண்ணிக்கை பொருந்தவில்லை, வாங்கும் நாடு கேட்ட கூடுதல் உறுதிமொழி விடுபட்டது, சிகிச்சைக் கட்டம் காலி. பழம் சரியாக இருந்தும் அடியில் இருக்கும் மரத்தட்டு காட்டிக்கொடுத்துவிடுவதும் உண்டு. மரம் பொதுவாக 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்கவேண்டும், அதற்கான முத்திரையும் மரத்தில் இருக்கவேண்டும்.

பூச்சிக்குச் செல்லுபடியாகும் இந்தக் காப்பு எல்லா நோய்க்கும் செல்லாது. பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் 1950களில் ஹவாயின் ஓவாஹு தீவின் பப்பாளித் தோட்டங்களை அழித்தது. சாகுபடி பெருந்தீவின் பூனா வட்டாரத்துக்குப் பெயர்ந்தது. பூனாவுக்குள் நாற்று கொண்டுபோகத் தடை இருந்தும் 1992 மே மாதம் நோய் அங்கும் தென்பட்டது. நோயுற்ற மரங்களைத் தேடி வெட்டினார்கள். சில ஆண்டுகளில் அது கைமீறிப்போனது. இந்த வைரஸைப் பரப்புவது செடிச்சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி. ஊசிவாயால் சில நொடி குத்திப்பார்த்தாலே போதும், வைரஸ் அதன் வாயில் தொற்றிக்கொள்ளும். அடுத்த செடியில் குத்தும்போது இறங்கிவிடும். மருந்து அடித்தாலும் அசுவினி சாவதற்குள் காரியம் முடிந்துவிடும். பூனாவைக் காப்பாற்றியது வைரஸின் உறைப் புரத மரபணுவை ஏற்றிய 'ரெயின்போ' வகை, 1998இல் வந்தது. அதைத் தொற்றுத்தடை என்று சொல்லக்கூடாது, அது நோய் எதிர்ப்பு. மரம் வெட்டியது நோய் ஒழிப்பு. மூன்றும் வெவ்வேறு வேலைகள். செய்திகளில் மூன்றையும் 'நோய்த்தடுப்பு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். கிருமியைக் கொல்வது தொற்றுநீக்கம், பழத்திலிருந்து பூச்சியை ஒழிப்பது பூச்சிநீக்கம். வெந்நீர் முக்கும் சூடான காற்றும் பூச்சிநீக்கம்.

அப்படியானால் தனிமைப்படுத்தல் என்ற சொல்லுக்குத் தாவரத் துறையில் இடமே இல்லையா என்றால், உண்டு. நடவுக்கென்று வரும் செடிகளைக் காப்புக்கூடத்தில் மாதக்கணக்கில் வளர்த்துப் பார்ப்பார்கள். உயிரினங்களை வரவழைக்கும்போதும் அப்படியே. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி வரை வெள்ளையாக அப்பிக்கொண்டது. அதன் இயற்கை எதிரிகளான சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் 2010இல் இன்னொரு வெப்பமண்டலத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்தன. அவை மாவுப்பூச்சியை விட்டு நம் பட்டுப்புழு போன்ற வேறு உயிர்களைத் தாக்குமா என்று, அடைத்த ஆய்வகத்துக்குள் வைத்துச் சோதித்த பிறகே தோட்டத்தில் விட்டார்கள். அந்தக் குளவிகளைத் தனிமைப்படுத்தினார்கள் என்று எழுதலாம். பப்பாளிப் பெட்டிக்குத் தொற்றுத்தடைக்காப்பு என்று எழுதுங்கள்.