பரங்கிப்பூவுக்குப் பக்கத்து வேலியில் பூத்த அரளி

போன சித்திரையில் ஒரு மத்தியானம். கிளினிக்கை மூடப் போகிற நேரத்தில் ஒரு அம்மா பத்து வயதுப் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். மூன்று முறை வாந்தியாம். கும்பகோணத்துப் பக்கம் அந்த மாதத்தில் வருகிற வாந்தியில் பாதிக்கு மேல் வெயிலும் ரோட்டோர ஐஸும்தான் காரணம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே நாடி பிடித்தேன். சுருக்கென்றது. நிமிடத்துக்கு 52. வாந்தி எடுத்து நீர் வற்றிய குழந்தைக்கு நாடி ஓட வேண்டும். இவனுக்கு அது நின்று நின்று நடந்தது.

"என்னப்பா சாப்பிட்ட?"

"பூ பஜ்ஜி."

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா செய்து கொடுத்தது. பூவுக்குள் சீஸை அடைத்து, மாவில் தோய்த்துப் பொரிக்கிற வீடியோவைப் பார்த்திருக்கிறாள். அதில் இருந்தது மஞ்சள் பூ. கொல்லை வேலியிலும் மஞ்சள் பூ, புனல் மாதிரி, சீஸ் அடைக்க வாகாக. மஞ்சள் அரளி! அவள் ஒன்றைக் கடித்துவிட்டுக் கசக்கிறது என்று துப்பிவிட்டாள். தம்பிக்கு மட்டும் கூடுதல் சீஸ் வைத்திருந்ததால் அவனுக்குக் கசப்பு தெரியவில்லை. இரண்டு தின்றுவிட்டான்.

ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு 108-ஐக் கூப்பிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் மானிட்டரில் வைத்திருந்து, பிழைத்து வந்துவிட்டான். அந்த அக்கா அழுதுகொண்டே சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் மனசில் இருக்கிறது: "நல்லா முறுகலா பொரிச்சுதானே டாக்டர் கொடுத்தேன்..."

கொதிக்கிற எண்ணெயில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் சமையலறையில் ரொம்பப் பழையது. கிருமிக்கு அது ஓரளவு உண்மை. செடிகளின் பல விஷங்களுக்கு இல்லை. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எல்லாவற்றிலும் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும் கிளைக்கோசைடு என்ற பொருள்கள் இருக்கின்றன. விதையில் அதிகம். அதற்காகப் பூவும் இலையும் பாலும் நல்லவை என்று அர்த்தமில்லை. வேகவைத்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் அவை அழிவதில்லை. கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது நினைவிருக்கலாம். சாமிக்கு மாலையாகப் போடுகிற பூ என்பதால் சாப்பாட்டுத் தட்டுக்கும் ஆகும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் டெல்டாவில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று செங்காந்தள், மாநில மலர். வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே வயலில் பயிரிடுகிறார்கள். அதிலிருக்கும் கால்ச்சிசின்தான் கவுட் மூட்டு வலிக்கு நான் எழுதிக் கொடுக்கிற மாத்திரை, அரை மில்லிகிராம் கணக்கில். அந்தச் செடியைக் கிள்ளி வாயில் போட்டால் அளவு யார் கையிலும் இல்லை. இன்னொன்று ஊமத்தை. பூ நீளமான புனல்தான், அடைத்துப் பொரிக்கத் தோன்றும். தின்றால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, ஆள் பிதற்ற ஆரம்பித்துவிடுவார்.

சரி, அதற்காகப் பூவே சமைக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் வேப்பம்பூ ரசத்துக்கும் வாழைப்பூ வடைக்கும் நான் துரோகி ஆகிவிடுவேன். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏற நட்டிருக்கிற அகத்தியின் பூவைப் பொரியல் செய்கிற வீடுகள் சுவாமிமலைப் பக்கம் எத்தனையோ. சீஸ் அடைத்துப் பொரிப்பதும் நேற்று முளைத்த கோமாளித்தனமில்லை. ரோம் நகரத்தில் சுக்கினிப் பூவுக்குள் மொசரெல்லா சீஸும் ஒரு துண்டு நெத்திலியும் வைத்துப் பொரிப்பது வெகுநாள் பழக்கம். சுக்கினி அவர்களுக்குக் கோடைக் காய். அதன் நெருங்கிய சொந்தம்தான் நம் பரங்கி. தை மாதம் விதைத்து, தண்ணீர் காட்டிக்கொண்டே வந்தால் பங்குனி, சித்திரையிலும் பூ கிடைக்கும்.

மார்கழியில் சாணத்தில் செருகிக் கோலத்தில் வைக்கிறோமே, அதே பூதான். கோலத்தில் வைத்ததை எடுத்துச் சமைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

பறிப்பதற்கு நேரம் இருக்கிறது. பரங்கிப்பூ விடியலில் விரியும், வெயில் ஏறினால் கூம்பிவிடும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பூவுக்கு அடியில் உருண்டையாகக் குட்டிக்காய் இருந்தால் அது பெண் பூ, விட்டுவிடுங்கள். காம்பு நீளமாக, ஒல்லியாக, காய் இல்லாமல் நிற்பது ஆண் பூ. அது நிறையவே வரும். தேனீ வந்து மகரந்தம் எடுக்க ஒரு பங்கை விட்டுவிட்டு மிச்சத்தைப் பறியுங்கள். உள்ளே விரலை விடுமுன் எட்டிப் பாருங்கள். எறும்பு இருக்கும், சில சமயம் தேனீயே தூங்கிக்கொண்டிருக்கும். நடுவிலுள்ள மகரந்தத் தண்டைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். மகரந்த அலர்ஜி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது முக்கியம். ஒரு இதழைப் பச்சையாக நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கொல்லைக் கொடியில் பறித்த பரங்கிப்பூவேதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்தச் சோதனை. கசந்தால் துப்பிவிட்டு அந்தக் கொடியின் பூவையும் காயையும் ஒதுக்குங்கள். பரங்கி, சுரை போன்ற காய்களில் கசப்பு என்பது குக்குர்பிட்டசின் என்ற நச்சு. அதுவும் சமைத்தால் போகாது.

பன்னிரண்டு பூவுக்கு நூறு கிராம் பனீரை உதிர்த்து, ஐம்பது கிராம் மொசரெல்லாவைத் துருவிச் சேர்த்து, மிளகுத்தூளும் கொஞ்சம் மல்லித்தழையும் போட்டுப் பிசைந்தால் போதும். உப்பு வேண்டாம், சீஸிலேயே இருக்கிறது. பூ ஒன்றுக்கு ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் அடைக்காமல், இதழ் நுனியை லேசாக முறுக்கி மூடுங்கள். கடலை மாவோடு கால் பங்கு அரிசி மாவு, பெருங்காயம், ஓமம் சேர்த்து, பஜ்ஜி மாவைவிட ஒரு சுற்று நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக இருந்தால் பூ எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே எழும்புகிற சூட்டில் இரண்டு மூன்றாகப் போட்டு, பொன்னிறம் வந்ததும் ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

இங்கேதான் எனக்கு வருகிற இன்னொரு வகை நோயாளிகள். கழுவிய பூவைத் துடைக்காமல் எண்ணெயில் போட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் படாரென்று வெடிக்கும். முகத்திலும் முழங்கையிலும் கொப்புளத்தோடு வருவார்கள், அதன்மேல் பற்பசை, இங்க், மாவு! எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓடவிட்டுவிட்டு வாருங்கள். பூவைத் துணியில் பரப்பி, உள்பக்கமும் ஈரம் போக உலர்த்திவிட்டால் என்னைப் பார்க்கவே வர வேண்டாம்.

பூவை எங்கே வாங்குகிறீர்கள் என்பதுதான் நான் அதிகம் சண்டை போடுகிற விஷயம். பூக்கடை ரோஜாவையும் சாமந்தியையும் மல்லியையும் சிலர் அலங்காரத்துக்கென்று தட்டில் தூவுகிறார்கள். அவை தலைக்கும் சாமிக்கும் வளர்த்தவை. மல்லியில் மொட்டுப்புழு விழுந்தால் மருந்து அடிக்காமல் விவசாயி என்ன செய்வார்? காய்கறிக்கு மருந்தடித்தால் அறுப்பதற்கு முன் இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. மாலையில் கட்டப் போகிற பூவுக்கு அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? கழுவினால் மேலே இருப்பது கொஞ்சம் போகும், செடிக்குள் ஊடுருவிய மருந்து போகாது, பொரித்தாலும் அதை நம்ப முடியாது. சொந்தக் கொல்லை, இல்லையென்றால் மருந்து அடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய தெரிந்த விவசாயி. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பனீரும் அப்படித்தான். அக்னி நட்சத்திர வெயிலில் கரண்ட் போன கடையின் பெட்டியில் கிடந்த பனீரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வளர்ந்திருந்தால், பொரிக்கும்போது கிருமி செத்துவிடும். அது விட்டுப்போன நஞ்சு சூட்டுக்கு அசையாது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் குடும்பமே வரிசையாக வாந்தி எடுக்கும். பாலைக் காய்ச்சி எலுமிச்சம்பழம் பிழிந்து வீட்டிலேயே திரித்துக்கொள்வது கால் மணி நேர வேலை. அடைத்த பூவை வெளியே வைத்துவிட்டு விருந்தாளிக்குக் காத்திருக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வையுங்கள், அவர்கள் வந்தபிறகு பொரியுங்கள்.

பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சட்னி, சாஸ் தவிர்த்தால் நல்லது. அவ்வளவுதான், இதற்கு மேல் மிரட்ட மாட்டேன்.

தெரியாத பூவை யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். வரும்போது அந்தச் செடியில் பூவோடு ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். அன்றைக்கு அந்த அம்மா, நான் கேட்பதற்கு முன்பே, முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு வாடிய பூவை அவிழ்த்து என் மேஜைமேல் வைத்தார். தஞ்சாவூருக்கு அனுப்பிய சீட்டில் செடியின் பெயரை நான் சந்தேகமில்லாமல் எழுத முடிந்தது அந்த இரண்டு பூவால்தான்.