ஆர்க்கெஸ்ட்ரேஷன்: இசைக்குழு இல்லை, ஒருங்கியக்கம்

'கண்டெய்னர் ஆர்க்கெஸ்ட்ரேஷன்' என்பதைக் 'கொள்கலன் இசைக்குழு' என்று தமிழாக்கியிருப்பதை இன்னொரு பாடக்குறிப்பிலும் பார்த்துவிட்டேன். கண்டெய்னர் என்றால் ஒரு நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி. கொழிஞ்சாம்பாறையில் சாயங்காலம் பத்துப் பேருக்கு அந்தப் பொதிகளைப் பல கணினிகளில் ஓடவைத்துப் பார்த்துக்கொள்ளும் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன், "இது பாட்டு சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேராண்ணா?" என்று கேட்டான். அவன் மேல் தப்பே இல்லை.

வேர் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாடக அரங்கில் கோரஸ் ஆடிய களம்தான் ஆர்க்கெஸ்ட்ரா, ஆடுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல். வாத்தியம் பிற்பாடுதான் ஏறியது. 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸின் பேரும் கிரேக்கம், சுக்கான் பிடிப்பவர் என்று பொருள், நம் மீகாமன்.

சரி, இசைக்குழு ஏன் ஆகாது? முதலில், அது ஆட்களின் பெயர், நமக்கு வேண்டியது செயலின் பெயர். அப்புறம், ஒருவர் கையசைக்க மற்றவர்கள் வாசிக்கிற மாதிரி இங்கே எதுவும் நடப்பதில்லை. என்ன நிலை வேண்டும் என்று கோப்பில் எழுதிக்கொடுக்கிறோம், குபர்நெட்டிஸ் இருக்கும் நிலையை அதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, குறைந்தால் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு நிரலுக்கு மூன்று நகல் என்று எழுதி ஓடவிட்டு, பிள்ளைகள் கண்முன்னே ஒன்றை அழித்தேன். சில நொடியில் புதிதாக ஒன்று வந்து நின்றது. இதற்கு ஒருங்கியக்கம் போதும், ஒருங்கே இயக்குவது. ஒருங்கிணைப்பு என்கிறவர்களும் உண்டு, ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது, தனித்தனியாக இருப்பவற்றை இணைப்பது.

கண்டெய்னரை மட்டும் அப்படியே விடுங்கள். வாளையார் வழியாகப் போகும் லாரியை எங்கள் பக்கம் யாரும் கொள்கலன் லாரி என்பதில்லை, உவமையே அந்தப் பெட்டிதான்.

மொழிபெயர்ப்பவர்கள் அதே பாடத்தில் செய்த இன்னொன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டம்) அமைக்கும் யாமெல் கோப்பில் (அமைப்புகளை எழுதும் உரைக் கோப்பு) ஒரு கன்ட்ரோல் பிளேன் (மேற்பார்ப்பது), இரண்டு வொர்க்கர் (நிரல்களை ஓட்டுவது) என்று கணுக்களை, அதாவது கூட்டத்தின் உறுப்புக் கணினிகளை, குறிக்க வேண்டும். 'role: worker' என்ற அந்தச் சாவிச் சொற்களையும் 'பங்கு: பணியாளர்' என்று தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். கருவிக்கு அது புரியாது, ஓடவே ஓடாது. அதை அப்படியே ஒட்டிய ஒரு பெண், இடைவெளிக்குப் பதில் யாமெல் ஏற்காத டேப் விழுந்திருக்குமோ என்று அரை மணி நேரம் வரி வரியாக இடைவெளி எண்ணிக்கொண்டிருந்தாள்.