அபராதம் கட்டியதால் வழக்கு இல்லாமல் போய்விடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து அரசு வேலைக்குத் தேர்வாகும் பிள்ளைகள், பாதுகாப்புச் சோதனைக்கான பாரத்தோடு என் வழக்கறிஞர் அலுவலகத்திற்கு வரும்போது, 'தண்டிக்கப்பட்டதுண்டா' என்ற கேள்வியைக் காட்டி உடன்வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "அபராதம் கட்டியாச்சே சார், இல்லைன்னு போட்டா போதாதா?"

போதாது. மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியிருந்தால், அது குற்றத் தீர்ப்பே. சிறைக்குப் போகாததால் தம்மீது குற்றப்பதிவு இல்லை என்று பலர் மனதார நம்பிவிடுகிறார்கள். போதைப்பொருள் உட்கொண்டதற்காக 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்ட ஓர் இளைஞர், அபராத ரசீதை எஸ்பிஎம் பள்ளித் தேர்வுச் சான்றிதழோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பாரத்திலோ 'இல்லை' என்று குறித்திருந்தார். கைரேகையோடு காவல்துறையில் பதிவாகியிருக்கும் ஒன்றை மறைக்க முடியாது என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

ஆகவே பாரத்தைத் தொடுவதற்கு முன், வழக்கு நடந்த நீதிமன்றப் பதிவகத்தில் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில் விடுவிக்கப்பட்டிருந்தால், குற்றத் தீர்ப்பு பதிவாவதில்லை. 294ஆம் பிரிவின்படி நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டிருந்தால், குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது. வீட்டில் இரண்டையும் 'விட்டுட்டாங்க' என்றே சொல்வார்கள். கேள்வியையும் நிதானமாகப் படிக்க வேண்டும்: 'தண்டிக்கப்பட்டதுண்டா' என்று கேட்பதும் 'கைது செய்யப்பட்டதுண்டா' என்று கேட்பதும் ஒன்றல்ல, இரண்டாவதற்கு, விடுதலையானவரும் 'ஆம்' என்றே எழுத வேண்டியிருக்கும்.

சோதனையை நடத்தும் அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம், 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் காக்கும் ஆவணங்களை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று பார்க்கிறது. ஒன்றை ஒளித்து வைத்திருப்பவரை, அதை அறிந்த இன்னொருவர் மிரட்டிப் பணியவைக்க முடியும். பத்தொன்பது வயதில் செய்த தவற்றுக்கு விளக்கம் சொல்லலாம். சென்ற மாதம் கையெழுத்திட்ட பொய்க்கு என்ன சொல்வது? வேலையில் சேர்ந்த பிறகு அது வெளிப்பட்டால், வேலையே பறிபோகக்கூடும்.

அந்த இளைஞரைப் புதிய பாரம் நிரப்பச் சொன்னேன். நாள், நீதிமன்றம், சட்டப்பிரிவு, அபராதத் தொகை, தண்டனைக்குப் பின் இருந்த கண்காணிப்பு முடிந்த தேதி ஆகியவற்றை ஐந்து வரிகளில், நண்பர்கள்மீது பழி போடாமல் அவரே எழுதி, உத்தரவின் நகலையும் இணைத்தார். வேலை உறுதி என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. யாராலும் கொடுக்க முடியாது. நேர்காணலில் கேட்டால் இதே ஐந்து வரிகளைத்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.