எழுத்தெண்ண ஒரு கூட்டல் போதும்

"பைத்தான் நிரல்மொழியில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வருகிறதே, ஏன்?" என்று முதலாண்டு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்.

பைத்தான் எண்ணுவது எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறியீடுகளை, அதாவது கணினியில் எழுத்து வடிவங்களுக்குத் தரப்பட்ட எண்களை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி: ஆக 5. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. உயிர், ஆய்தம், அகர உயிர்மெய், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்குத்தான் உண்டு. மற்றவை இவை சேர்ந்து உருவாகின்றன. ‘கெ’யில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் நினைவகத்தில் க-வுக்குப் பின்னால்தான் நிற்கும். ஆகவே குறி, புள்ளி, இடைவெளி மூன்றையும் தள்ளிவிட்டு எண்ணினால் ‘தமிழ்’ என்பதற்கு 3 கிடைக்கும்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருகிறேன். கட்டளைக் கலித்துறை என்ற பா வகையில் ஒற்று (புள்ளி வைத்த எழுத்து) நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் (இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்த அசையில்) தொடங்கும் அடிக்கு 17. இதை நிரல் எப்படிச் சரிபார்க்கும்? ஒவ்வொரு மெய்யிலும் நின்று, அடுத்தது புள்ளியா என்று எட்டிப் பார்க்கத்தான் முதலில் தோன்றும். அது தேவையே இல்லை. உயிருக்கும் அகர உயிர்மெய்க்கும் +1, துணைக்குறிக்கு 0, புள்ளிக்கு −1, ஆய்தத்துக்கும் இடைவெளிக்கும் 0. இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும்.

‘செங்கதிர்’ என்பதைப் பாருங்கள். ச வந்ததும் 1, கொம்பால் மாற்றமில்லை, ங வர 2, புள்ளி வந்து அதை 1 ஆக்குகிறது. க 2, த 3, இகரக் குறி அப்படியே 3, ர 4, கடைசிப் புள்ளியில் மறுபடி 3. சற்றுமுன் கூட்டிய மெய்யைப் புள்ளியே கழித்துவிடுகிறது! நிரல் முன்னும் பார்க்க வேண்டாம், பின்னும் பார்க்க வேண்டாம்.

கட்டளைக் கலித்துறையில் அமைந்த அபிராமி அந்தாதியின் முதல் பாட்டு, முதல் அடி: "உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்". பைத்தான் சொல்லும் நீளம் 48. அதில் 4 இடைவெளி, 18 குறியும் புள்ளியும். மிச்சம் 26 எழுத்து. புள்ளிகள் 9. கழித்தால் 17. ‘உதிக்’ நிரையசை, கணக்குச் சரி.

இன்னொரு அழகும் இதில் உண்டு. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. நீளம் மட்டும் 2, 3 என்று மாறும். நம் கூட்டலில் இரண்டுக்கும் விடை 1.

ஆங்கில உயிரெழுத்துகளை எண்ணும் பயிற்சியோடு நம் நிரலாக்கப் பாடங்கள் நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாப்பிலக்கணத்தில் இத்தகைய கணக்குகள் நிறையவே இருக்கின்றன.

17 வந்துவிட்டால் மட்டும் ஓர் அடி கட்டளைக் கலித்துறை ஆகிவிடாது. வெண்டளையும் (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை) பார்க்க வேண்டும். அதற்குக் குறில், நெடில் தெரிய வேண்டும். அங்கே துணைக்குறிக்கு 0 போட்டுத் தாண்டிப் போக முடியாது. குறிலா நெடிலா என்று சொல்வதே அந்தக் குறிதான்.