‘12 வோல்ட்தானே’ என்பவர்களுக்கு

பழைய டெலிவரி வேனை வாங்கி, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, கேம்பராக மாற்றுகிறவர்கள் மரவேலையில் காட்டும் பொறுமை பொறாமைப்பட வைக்கும். அலமாரிக் கதவு ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுகிறார்கள். அந்த அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், பேட்டரியிலிருந்து நேராக ஒரு சிவப்பு வயர். ஃப்யூஸ் கிடையாது. தகட்டு ஓட்டைக்குள் ரப்பர் புஷ் இல்லாமல் நுழைந்து, முறுக்கி டேப் சுற்றிய மூன்று ஜாயின்ட்டுகளைத் தாண்டி ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே பதில்: “12 வோல்ட்தானே சார், ஷாக்கா அடிக்கப்போகுது?”

உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன இன்னொரு வயர்க் கட்டு என் மேசைமேல் கிடக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

ஷாக் அடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். காய்ந்த கையால் 12 வோல்ட்டைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஷாக் அடிப்பது வேறு, தீப்பிடிப்பது வேறு. உடம்புக்குள் கரண்டைத் தள்ளுவதற்கு வோல்ட்டேஜ் வேண்டும். வயரைச் சூடாக்குவதற்கு ஆம்பியர் போதும். வோல்ட்டேஜ் குறையக் குறைய, அதே வேலையைச் செய்ய ஆம்பியர் கூடும். 2000 வாட் ஹீட்டர் வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும்போது 9 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். அதே 2000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 167 ஆம்பியர். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 185ஐத் தொடும். கரண்ட் 19 மடங்கு. வயரில் உண்டாகும் சூடோ கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், அதே வயரில் கிட்டத்தட்ட 367 மடங்கு. ‘12 வோல்ட்தானே’ என்று மெல்லிய வயரை எடுக்கும் கை, உண்மையில் வீட்டு வயரைவிடப் பல மடங்கு தடித்ததைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். வயர் நுனியில் மாட்டும் உலோக முனைதான் லக். அதை வயரோடு அழுத்தி நசுக்கிப் பிடிக்க வைப்பது க்ரிம்ப். சரியாக க்ரிம்ப் செய்யாத ஒரு லக்கில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் அது பூஜ்யமாகவே தெரியும். அதன் வழியாக 30 ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 45 வாட் சூடு. எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான சால்டரிங் அயர்ன் 25 முதல் 40 வாட்தான். எரிந்துகொண்டிருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றை ப்ளைவுட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே சொருகிவிட்டு, அதன்மேல் மெத்தை போட்டுப் படுப்பீர்களா?

இதைவிட எரிச்சலூட்டும் தவறு ஒன்று உண்டு. ஃப்யூஸ் என்பது ஃப்ரிட்ஜையோ பம்ப்பையோ காப்பாற்ற வைப்பது என்ற நினைப்பு. இல்லை. ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. ஃப்ரிட்ஜ் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். வயர் பழுத்துச் சிவந்தால் வேனே போய்விடும், உள்ளே தூங்குகிறவர்களோடு. ஆகவே ஃப்யூஸின் அளவை முடிவுசெய்வது கருவி அல்ல, வயரின் தடிமன். வண்டிக்கு உகந்த செம்பு வயரில் 1.5 சதுர மி.மீ.க்கு 10 ஆம்பியர், 2.5க்கு 20, 4க்கு 30, 6க்கு 40. இதற்கு மேல் போக வேண்டாம். வயர்களைக் கட்டாகக் கட்டி, இன்சுலேஷனுக்குள் புதைத்து, வெயிலில் காயும் கூரையை ஒட்டிக் கொண்டுபோனால் இதிலிருந்தும் ஒரு படி இறங்குங்கள். ‘15 ஆம்பியர் அடிக்கடி போகிறது, 30 போட்டேன், நின்றுவிட்டது’ என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நின்றது ஃப்யூஸ் போவது மட்டும்தான். கோளாறு அங்கேயே இருக்கிறது, இப்போது தடுக்க ஆளில்லாமல்.

ஃப்யூஸை எங்கே வைப்பது என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடைப்பட்ட வயருக்குப் பாதுகாப்பே இல்லை. அழகுக்காக மறுகோடியில் ஃப்யூஸ் பெட்டியை மாட்டி, பேட்டரியிலிருந்து அதுவரை மூன்று மீட்டர் வெறும் கேபிள் ஓடினால், தகட்டில் உரசிப் பற்றப்போவது அந்த மூன்று மீட்டர்தான். படகுகளுக்கான அமெரிக்க மின்தரவிதி இதை 7 அங்குலம், அதாவது சுமார் 18 செ.மீ.க்குள் வைக்கச் சொல்கிறது. வேனுக்கும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரி முனையிலேயே உட்காரும் ஃப்யூஸ் கிடைக்கிறது, இன்னும் நல்லது.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஷார்ட் ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். வண்டிகளில் வரும் சாதாரண பிளேடு ஃப்யூஸ் 1000 ஆம்பியர் வரையிலான ஷார்ட்டைத்தான் பத்திரமாக அறுக்கும். அதைத் தாண்டினால் உள்ளே தீப்பொறி நின்றுகொண்டே கரண்டைக் கடத்தும். பேட்டரி முனையில் உட்காரும் ஃப்யூஸ் 12 வோல்ட் அமைப்பில் 10,000 ஆம்பியர் வரை தாங்கும். க்ளாஸ் டி (Class T) வகை 20,000 வரை. லித்தியம் பேட்டரியின் மெயின் ஃப்யூஸ் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். “பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். இருக்கே” என்பார்கள். பேட்டரியைக் கண்காணித்து, ஆபத்தென்றால் துண்டிக்கும் சர்க்யூட் அது. அதிலிருக்கும் மாஸ்ஃபெட் என்ற எலெக்ட்ரானிக் ஸ்விட்சுகள் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகவே கெட்டுப்போகின்றன. கதவு திறந்தபடியே துருப்பிடித்த மாதிரி. அதை நம்பி ஃப்யூஸை விடாதீர்கள்.

வயர் விஷயத்துக்கு வருவோம். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் வண்டிக்கு ஆகாது. அதிர்வில் உள்ளே முறிந்து, இன்சுலேஷன் மட்டும் முழுதாக இருக்கும். பல இழை செம்பு வயர்தான் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ‘பவர் கேபிள்’ பலவும் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், காசு கொடுக்கும் முன்பே பார்த்துவிடலாம்.

ஃப்ரிட்ஜ் இரவில் நின்றுவிடுகிறது, பேட்டரி கெட்டுவிட்டது என்று வருகிற புகார்களில் நிறையவும் வயர் புகார்தான். 5 ஆம்பியர் இழுக்கும் ஃப்ரிட்ஜ் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால், போகவர 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. வயரில் சுமார் 0.58 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 4 சதுர மி.மீ. போட்டால் 0.22. கம்ப்ரெஸர் கிளம்பும்போது இழுப்பு இதைவிட அதிகம். விடியற்காலையில் பேட்டரி இறங்கியிருக்கும் நேரத்தில் அந்த அரை வோல்ட் போதும், ஃப்ரிட்ஜ் தன்னை நிறுத்திக்கொள்ள. போகவர என்று சொன்னதைக் கவனித்தீர்களா? நெகட்டிவ் வயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும். ‘எர்த்துதானே’ என்று மெல்லியதாகப் போடுகிறார்கள். போகிற கரண்ட் அத்தனையும் அதன் வழியாகத்தான் திரும்புகிறது. பாடியில் எர்த் கொடுப்பதென்றால் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, போல்ட்டும் பல்வைத்த வாஷரும் போட்டு இறுக்கி, பிறகு துருப்பிடிக்காதபடி மேலே பூசுங்கள். தகட்டில் முடுக்கிய மர ஸ்க்ரூ எர்த் ஆகாது.

லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்குவதை நிறுத்துங்கள், தயவுசெய்து. ஹெக்ஸ் க்ரிம்ப்பர் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்கும். க்ரிம்ப் செய்த லக்கைப் பலங்கொண்டு இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் அது க்ரிம்ப் அல்ல. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் பலம் என்று நினைப்பதும் தப்பு. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்க வைக்கும், விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வு முறித்துவிடும். ஸ்க்ரூ வைத்து இறுக்கும் முனையில் ஈயம் தோய்த்த நுனியைச் சொருகினால், அழுத்தத்தில் ஈயம் மெல்ல விலகிக்கொடுத்துச் சில மாதத்தில் லூஸாகிவிடும். அங்கே குழாய் முனை போட்டு அழுத்துங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் எந்த வயருக்கும் ரப்பர் புஷ், அதன்மேல் நெளிகுழாய். இதற்கு விளக்கம் சொல்லப்போவதில்லை.

டெலிவரி வேன் என்பதால் தனியாக ஒரு வார்த்தை. அது புது வண்டி அல்ல, பலர் கை வைத்த வண்டி. சரக்கு லைட், இருப்பிடம் காட்டும் கருவி, பின்பக்க லிஃப்ட், குளிர்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் வயர் இழுத்து, விற்கும்போது கருவியை மட்டும் கழற்றிக்கொண்டு, நுனியை வெட்டிப் பலகைக்குப் பின்னால் விட்டிருப்பார்கள். அதில் இன்னும் கரண்ட் இருக்கலாம். மரவேலை தொடங்கும் முன் உட்பலகை எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு வெட்டுநுனியையும் மீட்டரால் சோதித்து, அது கிளம்பும் இடம்வரை போய் அங்கேயே பிடுங்கி எடுங்கள். டேப் சுற்றி விடாதீர்கள். பலகையைக் கழற்றும்போதே சக்கர வளைவு, கூரை மடிப்பு, சறுக்குக் கதவின் தண்டவாளம் ஆகியவற்றில் துருவையும் பார்த்துவிடலாம், அதற்கு இன்னொரு நாள் வேண்டாம். தரையில் மேசைக்காலுக்கு ஓட்டை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் குழாய், வயர்க் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன.

ஓடும் வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்ற, வெறும் ரிலே (தானாக இணைக்கும் ஸ்விட்ச்) போட்டு எஞ்சின் பேட்டரியையும் உள்ளறைப் பேட்டரியையும் இணைக்கும் பழைய முறை லித்தியத்துக்குச் சரிவராது. காலியான லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் உறிஞ்சும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், அதுவும் நின்று நின்று ஓடிய டெலிவரி வண்டியுடையது, சூடேறிக் கருகும். புதிய வண்டிகளிலோ ஆல்டர்னேட்டர் தேவைப்பட்டால் வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரி நிறையவே நிறையாது. இரண்டு பேட்டரிக்கும் நடுவே இருந்து கரண்டையும் வோல்ட்டேஜையும் சீராக்கும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் இந்த இரண்டு சிக்கலையும் தீர்க்கும். அதன் வயருக்கு இரண்டு முனையிலும் ஃப்யூஸ், ஏனென்றால் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். சோலார் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது தலைகீழாக. 230 வோல்ட் இணைப்பு வைப்பதாக இருந்தால் அந்தப் பகுதியை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அது நிஜமாகவே ஷாக் அடிக்கும்.

மின்சாரத்தில் சேராத இரண்டு விஷயம், சொல்லாமல் விட மனம் வரவில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டி உள்ளறையோடு தொடர்பில்லாமல் அடைபட்டு, அடியில் வெளியே திறக்கும் ஓட்டையோடு இருக்க வேண்டும். குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, அது உங்களை எழுப்பாது. எழுப்புவதற்கு அலாரம் ஒன்று படுக்கும் உயரத்தில் இருக்கட்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக உள்ளே இறங்குகிறது, சுவருக்குப் பின்னால் துருப்பிடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரமும் வாட்ச்சும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடிக்கு டேப் சுற்றுங்கள். பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பேனர் விழுந்தால் அது அங்கேயே பற்றவைத்துக்கொள்ளும். நடுவே மாட்டியது மோதிரம் என்றால், விரல். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

எல்லாம் முடிந்து பலகையை மூடும் முன் ஒரு சோதனை. இருக்கும் கருவி அத்தனையையும் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொரு லக், ஃப்யூஸ் பிடிப்பான், பஸ் பார் (பல வயர்கள் சேரும் உலோகப் பட்டை), ஸ்விட்ச் என்று வரிசையாகப் புறங்கையை அருகில் கொண்டுபோங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை இழுக்க வைக்கிற சூடு எங்கே இருந்தாலும் அந்த ஜாயின்ட்டை அறுத்துவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள், இறுக்கி மட்டும் பார்க்காதீர்கள். முதல் 1000 கிலோமீட்டர் ஓடியபிறகு எல்லா நட்டையும் ஒருமுறை திரும்ப முடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பேட்டரிக்கு முன்னால் வரும் பலகைக்கு ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போடுங்கள்.